மைக்கறையிலிருந்து எழுத்துக்கு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தாளில் இரண்டு சொட்டு மை விட்டு, மடித்து, அழுத்தித் திறந்தால் ஏதோ ஓர் உருவம் வரும். பள்ளிக்கூடத்தில் இதைச் செய்து பார்க்காதவர்கள் குறைவு. வண்ணத்துப்பூச்சி வந்தது, வௌவால் வந்தது என்று சிரித்துவிட்டுத் தாளைத் தூக்கிப் போட்டிருப்போம். அதே கறையை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் ஒரு மருத்துவர் ஒரு முழுக் கவிதை நூலே எழுதினார். பிரான்ஸின் பெரிய நாவலாசிரியர் ஒருவர் கோட்டைகளையும் புயல்களையும் அதிலிருந்து வரவழைத்தார். இங்கிலாந்தில் ஓர் ஓவிய ஆசிரியர் அதைப் பாடமாக்கினார். சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல மருத்துவர் அதைக் காட்டி மனிதர்கள் பார்க்கும் விதத்தை ஆராய்ந்தார்.

ஓவியம் வராது, கவிதையும் பழக்கமில்லை என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. வரையும் திறமை வேண்டாம். வெள்ளைத்தாளின் முன்னால் விறைத்துப்போய் உட்கார வேண்டியதும் இல்லை. தாளில் ஏற்கெனவே ஏதோ ஒன்று இருக்கிறது, அதற்குப் பதில் சொன்னால் போதும்.

ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். கறையை எப்படி உண்டாக்குகிறீர்களோ, அதைப் பொறுத்தே அதில் தெரிவதும் அதிலிருந்து பிறக்கும் எழுத்தும் அமையும். மடித்த கறையில் உயிர்கள் வரும். கசக்கிய தாளில் இடங்கள் வரும். ஒற்றி எடுத்த வண்ணத்தில் காடும் பாறையும் வரும். இது தெரியாததால்தான் பலர் திரும்பத் திரும்ப மடித்து, திரும்பத் திரும்ப வௌவாலையே பார்த்துச் சலித்து விட்டுவிடுகிறார்கள். மூன்று முறைகளையும் இங்கே சொல்கிறேன். முதல் முறைக்குத்தான் அதிக இடம், ஏனென்றால் பார்க்கவும் எழுதவும் பழகுவது அங்கேதான்.

வாங்க வேண்டியவை

பேனா மை ஒரு புட்டி. பிரில், கேம்லின் எதுவானாலும் சரி, முதலில் கறுப்பு வாங்குங்கள். பேனா மை என்பது சாயம் கரைந்த நீர். தாளுக்குள் இறங்கி, ஓரங்களை மெத்தென்று ஆக்கும். ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் இந்தியன் இங்க் வேறு வகை. அதில் கரித்துகள் கலந்திருக்கும். தாளின் மேலேயே நின்று, ஓரம் கூர்மையாக, அட்டைக் கறுப்பாகக் காயும். இரண்டும் இருந்தால் நல்லது. (இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவுக்குள் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.)

தாள் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத் தாளில் மை பின்பக்கம் ஊறி வந்துவிடும். 100 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் உள்ள ஏ4 தாள் போதும். வழவழப்பான தாளும் சில வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாதக் காலண்டர் தாளின் வெறும் பின்பக்கம் இதற்கு அருமையாக அமையும். மையை எடுத்துச் சொட்ட ஒரு இங்க் ஃபில்லர், மேசையில் விரிக்கப் பழைய செய்தித்தாள், கை துடைக்க ஒரு துணி, அரை டம்ளர் கெட்டியான காபி டிகாக்‌ஷன். டிகாக்‌ஷன் குடிக்க அல்ல.

முதல் முறை: மடிப்பு

யூஸ்டினுஸ் கெர்னர் (1786–1862) தென் ஜெர்மனியில் வைன்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் வாழ்ந்த மருத்துவர், கவிஞர். கெட்டுப்போன சாசேஜ் தின்று மக்கள் இறப்பதை ஆராய்ந்து 1820களின் தொடக்கத்தில் எழுதினார். இன்று பாட்யுலிசம் என்று சொல்லும் நஞ்சேற்றத்தை முறையாக விவரித்த முதல் எழுத்துகளில் அவையும் உண்டு. அதே மனிதர் ஆவிகளை நம்பியவர். ஆவிகளைக் கண்டதாகச் சொன்ன ஒரு நோயாளிப் பெண்ணைத் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்து, அவரைப் பற்றி 1829இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். இந்த இரண்டு கெர்னர்களும் சேர்ந்துதான் மைக்கறைக் கெர்னரை உண்டாக்கினார்கள் என்று நினைக்கிறேன்: கண்டதை உற்றுப் பார்க்கும் மருத்துவர் ஒருவர், காணாததையும் நம்பும் கவிஞர் ஒருவர்.

முதுமையில் அவருக்குப் பார்வை மங்கியது. எழுதும்போது தாளில் மை சொட்டும். அந்தத் தாளை மடித்துத் திறந்தால் உருவங்கள் தெரிந்தன. அவர் அவற்றைக் கசக்கி எறியவில்லை. பேனாவால் ஓரிரு கோடுகள் சேர்த்து, கூடவே பாட்டும் எழுதினார். 1857இல் அவற்றை ஒரு தொகுப்பாக்கினார். அது அச்சில் வந்தது அவர் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 1890இல். அந்த உருவங்களைத் தாம் படைத்ததாக அவர் கருதவில்லை, அவை வந்து சேர்ந்தவை. சிலவற்றைப் பாதாள உலகின் படங்கள் என்றும் சிலவற்றை நரகத்தின் படங்கள் என்றும் பிரித்து வைத்தார். நாம் விரும்புவதை வரவழைக்க முடியாது, எதிர்பார்த்ததற்கு நேர் எதிரானதே பெரும்பாலும் வந்து நிற்கும் என்பது அவர் கண்டு சொன்னது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு அது. யானை வேண்டும் என்று உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

சரி, செய்முறை. தாளை முதலில் மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, பிறகு திறந்து வையுங்கள். மை விட்ட பின் மடிக்கப் பார்த்தால் மடிப்பு கோணிக்கொள்ளும், மையும் வழியும்.

மடிப்புக்கு ஒரு பக்கத்தில் மட்டும் மை விடுங்கள். மடிப்புக் கோட்டை ஒட்டி விழும் சொட்டு உடம்பாகும். தள்ளி விழும் சொட்டு கையாகவோ இறக்கையாகவோ கொம்பாகவோ ஆகும். மூன்று நான்கு சொட்டு போதும். புதியவர்கள் எல்லாருமே முதலில் மையை அதிகமாகத்தான் விடுகிறார்கள். அதனால் தாள் நிறைய ஒரே கறுப்பு அப்பிக்கொள்கிறது, உருவம் வர இடமே இருப்பதில்லை.

மூடிய பிறகு மடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டைவிரலால் தள்ளுங்கள். மேல்நோக்கித் தள்ளினால் கொம்பும் கிரீடமும், கீழ்நோக்கித் தள்ளினால் காலும் அங்கியும் வரக்கூடும். எங்காவது ஓரிடத்தை அழுத்தாமல் விட்டுவையுங்கள். அங்கே வெள்ளை மிஞ்சும், எழுதும்போது அது வேண்டியிருக்கும். உடனே திறந்து, தட்டையாகக் கிடத்திக் காயவிடுங்கள். நிமிர்த்தினால் மை ஓடும்.

இரண்டாவது தாளில் மைக்கு முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறங்கள் வரும். மூன்றாவதில் டிகாக்‌ஷன். காபிச் சொட்டு காயும்போது ஓரம் மட்டும் அழுத்தமாகக் கறுத்து நிற்பதைக் காண்பீர்கள். சொட்டின் விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகிறது, அதை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் விளிம்புக்கு ஓடுகிறது, ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஓரக்கோடு நீங்கள் வரையாமலே கிடைக்கும் கோடு.

ஏழெட்டுத் தாள்களை இப்படிச் செய்து முடியுங்கள். எதையும் இன்னும் உற்றுப் பார்க்காதீர்கள். செய்யும் வேளையும் பார்க்கும் வேளையும் கலந்துவிட்டால், முதல் தாளில் கண்டதையே அடுத்ததிலும் வரவழைக்கக் கை முயலும்.

பார்க்கப் பழகுதல்

இந்தக் கலையில் மிகக் கடினமான படி இதுதான். அதிகமாகத் தவறவிடும் படியும் இதுவே.

மடித்த கறைக்கு இடமும் வலமும் ஒன்று. விலங்குகளின் உடம்பும் மனித முகமும் அப்படித்தான் இருக்கின்றன. ஆகவே செங்குத்தான மடிப்பைப் பார்த்ததும் கண் உயிரைத் தேடிப் போகிறது. வௌவாலும் வண்ணத்துப்பூச்சியும் இடுப்பெலும்பும் எல்லாருக்கும் தெரிவதற்குக் காரணம் இதுதான். முதலில் தெரிந்ததைத் தாளின் பின்னால் பென்சிலால் குறித்துவிடுங்கள். குறித்துவிட்டால் மனம் அதை விட்டுவிடும். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

இப்போது தாளைக் கால் வட்டம் திருப்புங்கள். மடிப்பு படுக்கையாகிவிடும். அந்த நொடியே உயிர் மறைந்து, ஏரிக்கரையும் தண்ணீரில் அதன் நிழலும் தெரியத் தொடங்கும். இன்னொரு கால் வட்டம் திருப்பித் தலைகீழாகப் பாருங்கள். அப்புறம் ஒரு வெற்றுத்தாளால் பாதியை மூடி, ஒரு மூலையை மட்டும் பாருங்கள். கடைசியாகக் கறுப்பை மறந்துவிட்டு, நடுவே மிஞ்சிய வெள்ளையை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வரி குறிப்பு.

இப்படிப் பார்ப்பதைக் கேள்விகளாகக் கூர்மையாக்கிக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக். 1884இல் பிறந்தவர். தந்தை ஓவிய ஆசிரியர். மைக்கறை விளையாட்டில் இருந்த ஆசையால் பள்ளித் தோழர்கள் அவருக்குக் கறை என்றே பொருள்படும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1921இல் அவர் வெளியிட்ட நூலோடு 10 அட்டைகள் வந்தன: ஐந்து கறுப்பு, இரண்டு கறுப்போடு சிவப்பு, மூன்று பல வண்ணம். அடுத்த ஆண்டே, 37 வயதில் அவர் இறந்துபோனார். அந்த அட்டைகள் ஏதோ கைபோன போக்கில் விழுந்த கறைகள் அல்ல. கவனமாகத் திருத்தித் திருத்தி அவர் செய்தவை.

அட்டையைக் காட்டி அவர் கேட்டது, "இது என்னவாக இருக்கக்கூடும்?" என்பதுதான். ஒருவர் என்ன கண்டார் என்பதைவிட எப்படிக் கண்டார் என்பதையே அவர் பெரிதாகக் கருதினார். முழுக் கறையையும் சேர்த்துப் பார்த்தாரா, ஒரு துண்டையா? வடிவம் அவரை இழுத்ததா, நிறமா? வெள்ளையைப் பார்த்தாரா? கண்ட உருவம் அசைகிறதா? எழுத வருகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி பெரிய வரம். "வௌவால்" என்று பார்த்தால் அங்கேயே கதவு மூடிக்கொள்ளும். "இரண்டு பேர் எதையோ தூக்க முயல்கிறார்கள்" என்று பார்த்தால் எதை, ஏன், முடியுமா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். உங்கள் குறிப்புகளில் வினைச்சொல் உள்ளவற்றைத் தனியே குறியிட்டு வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நண்பர்களுக்குக் கறையைக் காட்டி, அவர்கள் சொல்வதை வைத்து அவர்கள் மனத்தைக் கணிக்க முயலாதீர்கள். அந்தச் சோதனையைப் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் விரிவான மதிப்பீட்டு முறையோடுதான் செய்கிறார்கள். அதன் நம்பகத்தன்மை குறித்து அவர்களுக்குள்ளேயே நெடுங்கால வாதம் உண்டு. நமக்கு வேண்டியது அந்தக் கேள்விகள் மட்டும்தான்.

கறையைப் பார்த்து உருவம் காண்பது இவர்களுக்கெல்லாம் மிக முந்தியது. 11ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஷென் குவோ ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். சுங் தி என்ற ஓவியர், தம் காலத்து ஓவியர் ஒருவருடைய மலைக்காட்சிகளில் உயிர் இல்லை என்று கண்டு அவருக்கு ஒரு வழி சொன்னாராம்: இடிந்த சுவர் ஒன்றின் மேல் வெள்ளைப் பட்டைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இரு, மேடு பள்ளங்கள் மலையும் ஆறுமாக மாறும். லியொனார்டோ டா வின்சியும் மாணவர்களுக்குக் கறை படிந்த சுவர்களைப் பார்க்கச் சொன்னார். நிலக்காட்சிகளும் போர்களும் முகங்களும் அங்கே தெரியும் என்றார். மணியோசையில் நினைத்த சொல்லெல்லாம் கேட்பதுபோல என்று உவமையும் சொன்னார். ஆனால் அதே லியொனார்டோ இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். வண்ணம் தோய்த்த பஞ்சைச் சுவரில் எறிந்தாலே நிலக்காட்சி கிடைத்துவிடுமே என்று சக ஓவியர் போட்டிசெல்லி பேசியதை அவர் ஏற்கவில்லை. கறை கற்பனையைத் தூண்டும், எதையும் செய்து முடிக்க அது கற்றுத்தராது என்றார். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கறை கிடைத்துவிட்டது என்பதாலேயே வேலை முடிந்துவிடாது.

கோடு சேர்க்கலாமா?

இதில் இரண்டு கட்சி உண்டு. கெர்னர் கோடு சேர்த்தார். 1896இல் அமெரிக்காவில் ரூத் மெக்எனெரி ஸ்டூவர்ட், ஆல்பர்ட் பிகலோ பெயின் இருவரும் சிறுவர்களுக்காக 'கோபோலிங்க்ஸ்' என்ற மைக்கறைப் பாட்டு நூலை வெளியிட்டபோது, தங்கள் படங்களில் எதையும் பேனாவோ தூரிகையோ தொடவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

நான் இரண்டாவது கட்சிக்குப் பக்கமாகச் சாய்கிறேன், குறைந்தது தொடக்கத்தில். முதல் சில கறைகளில் எதையும் தொடாதீர்கள். பிறகு தொடுவதானால் மூன்று கோடு என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கண் வைப்பதைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். ஒரு புள்ளி வைத்துக் கண்ணாக்கிவிட்டால், அந்தக் கறை அதன்பின் வேறு எதுவாகவும் மாறாது. திருப்பிப் பார்த்தாலும் அந்தக் கண் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எழுதுதல்

படத்துக்குத் தலைப்பு வைப்பது எழுத்து ஆகாது. "இது ஓர் ஆந்தை, இரவில் அலறும்" என்று எழுதினால், படம் சொன்னதையே சொல் மறுபடி சொல்கிறது. படிப்பவர் படத்தை ஒருமுறை பார்த்து, எழுத்தை ஒருமுறை படித்து, நகர்ந்துவிடுவார். எழுத்தைப் படித்த பிறகு படத்துக்குத் திரும்பிப் போய், முன்பு காணாத ஒன்றைக் காண வேண்டும். கெர்னரின் பல பாட்டுகள் இதைச் செய்கின்றன. அந்த உருவங்களுக்கு அவர் ஒரு முன்கதை கொடுக்கிறார்: உயிரோடு இருந்தபோது யார், இப்போது ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று.

ஒரு எடுத்துக்காட்டோடு போவோம். கறுப்பு மையும் டிகாக்‌ஷனும் கலந்து மடித்த கறை ஒன்று. முதலில் தெரிவது வழக்கமான வௌவால், அதைப் பின்னால் குறித்தாகிவிட்டது. தலைகீழாகத் திருப்பினால் இருபுறமும் இரண்டு பேர் நடுநோக்கிக் குனிந்திருக்கிறார்கள். வினைச்சொல் கிடைத்துவிட்டது: குனிகிறார்கள், தேடுகிறார்கள். அடியில் டிகாக்‌ஷன் ஓரம் வளைந்து ஒரு வட்டம்போல நிற்கிறது, கிணறு என்று வைத்துக்கொள்ளலாம். அழுத்தாமல் விட்ட இடத்தில் கழுத்து குறுகிய ஒரு வெள்ளை. இந்தக் குறிப்புகளிலிருந்து நான்கு வரி:

இரண்டு பேர் குனிந்து பார்க்கிறார்கள்.
கிணறு யாரையும் காட்டவில்லை.
நடுவே விட்டுப்போன வெள்ளைதான்
இருவரும் தொலைத்த குடம்.

கறுப்பில் தெரிந்த இருவரைப் பற்றி முதல் வரி மட்டுமே பேசுகிறது. மற்ற வரிகள் கண்ணை வெள்ளைக்குக் கொண்டுபோகின்றன. படித்தவர் படத்துக்குத் திரும்பினால் குடத்தைத் தேடுவார். உங்களுக்கு வெண்பா கைவருமானால் வெண்பாவில் எழுதுங்கள். மரபு வடிவத்தின் கட்டுப்பாடும் கறையின் கட்டுப்பாடும் நன்றாகவே ஒத்துப்போகும். கவிதையே வேண்டாம் என்றால் அந்த உருவம் பேசும் மூன்று வாக்கியம் எழுதுங்கள். எதை எழுதினாலும் "போல" என்ற சொல்லை விலக்கிவிட்டு ஒருமுறை எழுதிப் பாருங்கள். "வௌவால்போல இருக்கிறது" என்பது பார்ப்பவரின் பேச்சு, அது கறைக்கு வெளியே நிற்கிறது.

இரண்டாவது முறை: கசக்கல்

உயிர்கள் போதும், இடங்கள் வேண்டும் என்று தோன்றும்போது மடிப்பை விட்டுவிடுங்கள்.

அலெக்சாண்டர் கோசன்ஸ் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் ஓவியம் கற்பித்தவர். நிலக்காட்சிகளை மற்றவர்களின் ஓவியங்களைப் பார்த்தே வரைந்து வரைந்து மாணவர்களின் கற்பனை மங்கிப்போகிறது என்பது அவர் கவலை. 1785இல் அவர் வெளியிட்ட சிறு நூல் அதற்கு ஒரு மாற்று சொன்னது. அதை அப்படியே பின்பற்றலாம். ஒரு தாளைக் கையில் கசக்கி, மறுபடி விரித்துக்கொள்ளுங்கள். எந்த மாதிரி இடம் என்று மனத்தில் பொதுவாக நினைத்துக்கொள்ளுங்கள்: மலை விளிம்பு, ஏரிக்கரை, அவ்வளவு போதும். உங்களிடம் உள்ள மிகப் பெரிய தூரிகையை நீர் கலந்த மையில் தோய்த்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக அடித்துத் தீட்டுங்கள். கசங்கிய மேடுகளில் மை பிடிக்கும், பள்ளங்களில் விட்டுப்போகும். காய்ந்ததும் மேலே ட்ரேஸிங் பேப்பரை வைத்து, கறையில் எது பாறை, எது மரம், எது வானம் என்று தீர்மானித்துத் தீர்மானித்து வரையுங்கள்.

கெர்னருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கெர்னர் என்ன வந்தாலும் வரவேற்றார். கோசன்ஸ் பாதி நினைத்து, பாதி விட்டுக்கொடுத்தார். இரண்டையும் செய்து பார்த்தால் உங்கள் மனப்போக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இந்த இரண்டாவது வழியில் மிக ஆழமாகப் போனவர் பிரெஞ்சு நாவலாசிரியர் விக்டர் ஹ்யூகோ. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் பிரான்ஸில் ஆட்சியைக் கைப்பற்றியபோது எதிர்த்து நின்று, நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பிரஸ்ஸல்ஸ், பிறகு ஜெர்சி தீவு, 1855 முதல் 1870 வரை கெர்ன்சி தீவு. கடல் சூழ்ந்த அந்த ஆண்டுகளில் அவர் ஏராளமாக வரைந்தார். அவருடைய ஓவியங்கள் இன்று ஏறத்தாழ 4,000 எஞ்சியிருக்கின்றன. 1860இல் கவிஞர் பொதலேருக்கு எழுதிய கடிதத்தில், கரி, புகைக்கரி, இன்னும் பல விசித்திரக் கலவைகளை மையோடு சேர்ப்பதாக அவரே சொல்கிறார். காபி ஊற்றுவார், தாளை மடித்துக் கறை எடுப்பார், லேஸ் துணியை மையில் தோய்த்து அச்சு ஒற்றுவார், கோட்டை வடிவில் தாளை வெட்டி வைத்து அதைச் சுற்றித் தீட்டுவார். பெரும்பாலும் நண்பர்களுக்கு மட்டுமே காட்டினார். 2025இல் லண்டன் ராயல் அகாடமி இவற்றை வைத்து ஒரு தனிக் கண்காட்சியே நடத்தியது.

அவருடைய கறைகளுக்கும் எழுத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. 1866இல் வெளிவந்த அவருடைய கடல் நாவல் கெர்ன்சியில் நடக்கிறது, அதில் ஆக்டோபஸ் ஒன்றோடு ஒருவன் போராடும் பகுதி புகழ்பெற்றது. அதே காலத்தில் அவர் தீட்டிய ஆக்டோபஸ் ஓவியம் ஒன்று உண்டு. பழுப்பு மை நீரில் கரைந்து கலங்குவதுபோல உடம்பு. அதன் கைகள் சுருண்டு அவர் பெயரின் முதலெழுத்துகளாகின்றன. கடலின் ஆழத்தில் எதற்கும் திட்டமான விளிம்பு இல்லை என்பதை அவர் வாக்கியங்களால் சொல்வதற்கும் மையால் சொல்வதற்கும் இடையே எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

நீங்கள் செய்ய: டிகாக்‌ஷனைத் தாளில் ஊற்றிச் சாய்த்து ஓடவிடுங்கள். அரை ஈரத்தில் மையை விடுங்கள், அது பரவிக் கலங்கும். எரிந்து அணைந்த தீக்குச்சியால் சில இடங்களை அழுத்தித் தேயுங்கள். பழைய லேஸ் துண்டு இருந்தால் ஒற்றிப் பாருங்கள். கிடைப்பது இடமாக இருக்கும், ஆகவே கவிதையைவிட உரைநடை இதற்குப் பொருந்தும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, இங்கே யார் வந்து சேர்கிறார், அவர் எதை முதலில் கேட்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதிலாக ஒரு பத்தி எழுதுங்கள். உருவத்தைப் பெயரிட்டு முடிக்காமல் வானிலையைப் பற்றி எழுதினால் எழுத்து தானாக நீளும்.

மூன்றாவது முறை: ஒற்று

இது சுருக்கமானது. மைக்குப் பதிலாகக் கெட்டியான வண்ணம் வேண்டும், போஸ்டர் கலர் போதும். வழவழப்பான தாளில் பரப்பி, காயும் முன் இன்னொரு வழவழப்பான தாளை மேலே வைத்து மெல்ல அழுத்தி, ஓர் ஓரத்திலிருந்து அவசரமில்லாமல் உரித்தெடுங்கள். கிளை கிளையாகப் பிரியும் கோலம் வரும். தாள்கள் பிரியும்போது கெட்டியான வண்ணத்துக்குள் காற்று விரல் விரலாகப் புகுவதால் ஏற்படுவது அது. இதன் இயற்பியலை சாஃப்மன், டெய்லர் என்ற இருவர் 1958இல் விளக்கினார்கள்.

பிரெஞ்சு நாவலாசிரியர் ஜார்ஜ் சான்ட் முதுமையில் நோஆன் கிராமத்து வீட்டில் இப்படி வண்ணத்தை நசுக்கி எடுத்து, தெரிந்த காடுகளைத் தூரிகையால் நிறைவு செய்தார். கல்லுக்குள் செடிபோலப் படரும் தாதுக் கோலங்களின் பெயரையே தம் படங்களுக்கும் வைத்தார். நிலவியலில் அவருக்கு இருந்த ஆர்வம் அப்படி. 1936இல், கனவையும் தற்செயலையும் கலையாக்கிய சர்ரியலிஸ்ட் இயக்கத்து ஓவியர் ஆஸ்கர் டொமிங்கஸ் கறுப்பு வண்ணத்தில் இதே உத்தியைத் தொடங்கினார். அந்த இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரத்தோன் யாரும் செய்யலாம் என்று செய்முறையை எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார். அதே இயக்கத்து ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் எண்ணெய் வண்ணத்துக்கு அதை மாற்றி, 1940 முதல் 1942 வரை 'மழைக்குப் பிந்தைய ஐரோப்பா' என்ற படத்தை வரைந்தார். போரிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த பிறகு முடித்த அந்தப் படத்தில் பாறையா, பவளமா, சிதைந்த ஊரா என்று பிரித்தறிய முடியாத ஒரு நிலம் இருக்கிறது. ஒற்று முறையில் கிடைப்பதை உடனே கதையாக்க முயலாதீர்கள். காலம் கடந்த இடங்களைப் பற்றிய குறிப்புகளாக, பயணியின் நாட்குறிப்பு வடிவில் எழுதிப் பாருங்கள்.

இருவராகச் செய்வது

ஓரளவு கைவந்ததும் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்த கறையை, நீங்கள் கண்டதைச் சொல்லாமல் அவரிடம் கொடுங்கள். எந்தப் பக்கம் மேல் என்பதையும் சொல்ல வேண்டாம். அவர் தம் கறையை உங்களிடம் தரட்டும். இருவரும் தனித்தனியே எழுதிவிட்டு, பிறகு தாம் செய்த கறைக்கும் அவரவர் எழுதி, ஒவ்வொரு கறைக்கும் இரண்டு எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுத்தால் நல்லது, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால் இருவருமே முதல் பார்வையில் நின்றுவிட்டீர்கள் என்று பொருள். தாளைத் திருப்பி மறுபடி தொடங்குங்கள்.

கெர்னரின் நூலும் 'கோபோலிங்க்ஸ்' நூலும் காப்புரிமைக் காலம் முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹ்யூகோவின் ஓவியங்களில் பெரும்பகுதி பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்திலும் அவர் வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அவற்றையும் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் முதல் ஏழெட்டுக் கறைகளைச் செய்து முடித்த பிறகு பாருங்கள். முன்னாலேயே பார்த்தால் அவர்களுடைய கோட்டைகளே உங்கள் தாளிலும் தெரியும்.

ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, பயன்படுத்திய மை, எந்தப் பக்கம் மேல் என்பதற்கு ஓர் அம்புக்குறி, இவை மூன்றும் இருக்கட்டும். போனில் படம் எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுங்கள். பேனா மை வெயிலில் வெளுக்கும், ஆகவே அதில் செய்தவற்றை நோட்டுக்குள் வையுங்கள். சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் இந்தியன் இங்க்கில் செய்ததை மாட்டுங்கள்.